எழுதியவளே சரிபார்த்தால் தப்பு தெரியாது: கோட் ரிவ்யூவுக்கு ஏஐ ஏஜெண்ட், எட்டு மாத அனுபவம்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். எழுதுவது பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற கட்டமைப்பில்; தகவல் இருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். 34 கடைகளில் ஓடுகிறது. நிரல் எழுதுவது, சோதிப்பது, கடைக்குப் போய் பிரிண்டர் மாட்டுவது, ராத்திரி போன் எடுப்பது எல்லாமே நான் ஒருத்திதான். முன்பு சென்னையில் வேலை பார்த்தபோது பக்கத்து சீட்டில் ஒரு அக்கா இருந்தார். நான் எழுதியதை அவர் பார்த்த பிறகுதான் அது உள்ளே போகும். "இங்க லிஸ்ட் காலியா வந்தா என்னடி ஆகும்?" என்று சாதாரணமாகக் கேட்பார், எனக்கு அன்று மதியம் முழுக்க அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். சொந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அப்படிக் கேட்க ஆள் இல்லை.

ஆள் இல்லாததால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இந்த விமர்சனம் ஏன் இவ்வளவு நீளம் என்று புரியும்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை ராத்திரி களைகட்டி செவ்வாய் வரை நடக்கும். 2025 மார்ச் 31 திங்கட்கிழமை. மறுநாள் ஏப்ரல் 1, புது நிதியாண்டு. அதாவது சந்தை நடக்கும்போதே நள்ளிரவில் கணக்கு வருடம் மாறுகிறது. விடிகாலையில் ஒரு கடைக்காரர் போன் செய்தார்: "அம்மிணி, பில்லுல தேதி நேத்தைக்குதே வருதுங்க." போய்ப் பார்த்தால், நள்ளிரவு முதல் காலை 5.30 வரை போட்ட பில்கள் எல்லாம் மார்ச் 31 தேதியில், பழைய வருட வரிசை எண்ணில் விழுந்திருந்தன. ஜாங்கோவில் இப்போதைய நேரத்தை எடுத்து அதிலிருந்து நேராகத் தேதியைப் பிரித்தால் வருவது யுடிசி (உலகப் பொது நேரம்) தேதி. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. உள்ளூர் தேதியைக் கொடுக்கத் தனி ஃபங்ஷன் இருக்கிறது. நான் அதை அழைக்கவில்லை. அன்று ரம்ஜான் என்பதால் கூட்டம் குறைவு, மூன்று கடைகளில் சேர்த்து 41 பில்லோடு தப்பித்தோம். ஆடிட்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அன்றே அந்த வரியைத் திருத்தி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. 2025 ஆகஸ்டில் முதல்முறையாக ஒரு ஏஐ ஏஜெண்டிடம் (நிரலைத் தானே படித்து, எழுதி, ஓட்டிப் பார்க்கும் கருவி) கோட் ரிவ்யூ, அதாவது என் நிரலைப் பார்த்துக் குறை சொல்லக் கேட்டபோது அது கண்டுபிடித்த முதல் குறையே இதுதான். பில்லில் திருத்தியதை கிரெடிட் நோட்டிலும் (திரும்பி வந்த சரக்குக்குப் போடும் கழிவுச் சீட்டு) நாள் இறுதி அறிக்கையிலும் திருத்தாமல் விட்டிருந்தேன். ஃபைல் பெயர், வரி எண், "இந்திய நேரம் அதிகாலை 2 மணிக்கு கிரெடிட் நோட் போட்டால் முந்தைய நாள் தேதி வரும்" என்ற உதாரணம், எல்லாம் சேர்த்துக் கொடுத்தது. நான்கு மாதமாக என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) ஓடும் ஏஜெண்டுகள் இன்று பல. ஆந்த்ரோபிக்கின் கிளாட் கோட், ஓபன்ஏஐயின் கோடெக்ஸ், கூகுளின் ஜெமினி சிஎல்ஐ என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒன்று வைத்திருக்கின்றன. நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்க்கலாமா என்ற வேண்டுகோள்) போட்டால் அங்கேயே அவர்களுடைய ஏஐயான கோபைலட்டை ரிவ்யூ செய்யச் சொல்லலாம். நான் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். எவை என்று சொல்லப்போவதில்லை. இவற்றின் உள்ளே ஓடும் ஏஐ மாடல்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. இன்றைக்கு நான் பெயர் சொல்லிக் குறை எழுதினால் நீங்கள் படிக்கும்போது அது பொய்யாகியிருக்கலாம். வேலை செய்யும் முறைதான் எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

முதல் மாதம் நான் செய்தது தவறான முறை. ஒரு வசதியை ஏஜெண்டை எழுதச் சொல்வேன். எழுதி முடித்ததும் அதே உரையாடலில் "இப்போது இதை ரிவ்யூ செய்" என்பேன். நன்றாக இருக்கிறது, பெயர் வைப்பதில் மட்டும் இரண்டு சின்ன யோசனைகள் என்று பதில் வரும். அது ஏன் அப்படி எழுதியது என்ற காரணங்கள் எல்லாம் அந்த உரையாடலிலேயே கிடக்கின்றனவே, அவற்றைப் படித்துக்கொண்டே ரிவ்யூ செய்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. நாம் எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழை நம் கண்ணுக்குப் படாதது போலத்தான். 1976இல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் நிரல் ஆய்வுக்கு ஒரு முறை வகுத்து எழுதியபோதே கூட்டத்தை நடத்துபவர், எழுதியவர், சோதிப்பவர் என்று ஆட்களைப் பிரித்துத்தான் வைத்தார். இயந்திரம் வந்த பிறகும் அந்தப் பிரிவினை தேவைப்படுகிறது.

இப்போது செய்வது இது. எழுதிய செஷனை (அந்த உரையாடலை) மூடிவிடுகிறேன். புதிதாக ஒன்றைத் திறக்கிறேன், அல்லது சப்ஏஜெண்ட் (முதல் உரையாடலைப் பார்க்காத துணை ஏஜெண்ட்) வசதி இருந்தால் அதைக் கிளப்பச் சொல்கிறேன். அதற்கு மூன்றுதான் கொடுப்பேன்: இந்த மாற்றம் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி, எந்த கமிட்டிலிருந்து (மாற்றத்தைப் பதிவுசெய்து வைத்த புள்ளி) எந்த கமிட் வரை பார்க்க வேண்டும் என்ற இரண்டு அடையாளங்கள், பிராஜெக்ட்டின் விதிகள் எழுதிய ஃபைல். நான் ஏன் இப்படி எழுதினேன் என்பதைச் சொல்வதே இல்லை. அப்புறம் இந்தக் கட்டளை, பல தடவை மாற்றி மாற்றி இப்போது நிலைத்த வடிவம்:

"இந்த இரண்டு கமிட்டுகளுக்கு நடுவே மாறியதை மட்டும் பார். எதையும் திருத்தாதே. ஒவ்வொரு குறைக்கும் ஃபைல், வரி எண், என்ன கொடுத்தால் உடையும் என்பதைச் சொல். உடைக்கும் உதாரணம் கொடுக்க முடியாவிட்டால் அதைக் குறையாக எழுதாதே, என்னிடம் கேள்வியாகக் கேள். வரிசை: பணமோ வரியோ தப்பாகுமா, கடையில் வேலை நிற்குமா, மற்றவை."

தமிழிலேயே இப்படித்தான் தட்டுகிறேன், புரிந்துகொள்கிறது. இதில் "உடைக்கும் உதாரணம்" என்ற பகுதிதான் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு ரிவ்யூவிலும் பதினைந்து, இருபது குறைகள் வரும்; பாதி "இங்கே பிழை கையாளுதலை மேம்படுத்தலாம்" என்ற மாதிரி. படித்துப் படித்து அலுத்து, உண்மையான குறையையும் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது நாலு, ஐந்து வருகிறது. பெரும்பாலும் பார்க்க வேண்டியவை.

"கேள்வியாகக் கேள்" என்பதும் வீணாகவில்லை. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியது ஜவுளிக்காரர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன் ஆயத்த ஆடை ஒன்றின் விலை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. மாறிய பிறகு 2,500 வரை 5, அதற்கு மேல் 18. மூன்று நாளில் 34 கடைக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும். எழுதி ரிவ்யூவுக்குக் கொடுத்தேன். முதல் குறை: விலை 2,500ஐவிடக் குறைவா என்று கேட்டிருக்கிறேன், சரியாக 2,500 என்றால் 18 விழும். ஒரு சமக்குறி விட்டுப்போனதால் ஒரு சட்டைக்கு 325 ரூபாய் அதிக வரி. அடுத்தது கேள்வி: "2,500 என்பதைத் தள்ளுபடிக்கு முந்தைய விலையோடு ஒப்பிட வேண்டுமா, பிந்தைய விலையோடா? நிரல் முந்தையதை எடுக்கிறது, நீங்கள் எழுதிய நாலு வரியில் இது இல்லை." எனக்கே நிச்சயமில்லை. ஆடிட்டரைக் கேட்டேன். பில்லிலேயே காட்டிய தள்ளுபடி என்றால் கழித்த பிறகு உள்ள விலைதான் என்றார். 2,800 ரூபாய் சட்டையைத் தீபாவளித் தள்ளுபடியில் 2,400க்கு விற்கும் கடைகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். அந்த அக்கா கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. அன்று எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

குறைகளைச் சரிசெய்யச் சொல்வது தனிக் கலை. ஒருமுறை அவசரத்தில் "எல்லாவற்றையும் சரிசெய்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தால் 19 ஃபைல்கள் மாறியிருந்தன. எது எந்தக் குறைக்கான திருத்தம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மொத்தத்தையும் கிட்டில் (மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள்) பின்னுக்குத் தள்ளி முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது ஒரு நேரத்தில் ஒரு குறை. முதலில் அந்தக் குறையைக் காட்டும் டெஸ்ட் (நிரலைச் சோதிக்கும் குட்டி நிரல்) ஒன்றை எழுதச் சொல்வேன். அதை ஓட்டிச் சிவப்பாக, அதாவது தோல்வியாக, விழுவதை நானே பார்ப்பேன். விழவில்லை என்றால் குறை என்று சொன்னதே தப்பாக இருக்கலாம். அப்படி மூன்று நான்கு முறை நடந்திருக்கிறது. விழுந்தால் திருத்தச் சொல்வேன், பச்சை வந்ததும் மொத்த டெஸ்டுகளையும் ஓட்டுவேன், ஒரு கமிட். இப்படிச் செய்தால் மெதுவாகத்தான் போகும். ஒரு சின்ன வசதிக்கே ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. பணம் புழங்கும் நிரலுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

டெஸ்ட் ஃபைலில் என்ன மாறியது என்பதை முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒரு சம்பவத்துக்குப் பிறகு வந்தது. தள்ளுபடிக் கணக்கில் 237.50 வர வேண்டும் என்று ஒரு டெஸ்ட் இருந்தது. வேறெதையோ திருத்தும்போது அது உடைந்தது. ஏஜெண்ட் டெஸ்டில் இருந்த 237.50ஐ 238 என்று மாற்றிவிட்டு, எல்லாம் பச்சை என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கையில் ஒரு ஓரத்தில் "எதிர்பார்ப்பு புதுப்பிக்கப்பட்டது" என்று இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் நான் கவனிக்காமல் விட்டிருந்தால் கடைக்குக் கடை ஐம்பது பைசா தப்பாகப் போயிருக்கும்.

இதைவிட என்னைப் பாதித்தது வேறொன்று. இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் பில் போட்டால் இரண்டுக்கும் ஒரே எண் வரலாம் என்று ரிவ்யூவில் வந்தது. கடைசி பில் எண்ணை எடுத்து ஒன்று கூட்டுகிறேன். இருவர் ஒரே சமயத்தில் எடுத்தால் இருவருக்கும் அதே எண்தான். நான் பதில் எழுதினேன்: "என் கடைகளில் ஒரு கவுண்டர்தான், இது வராது." உடனே "நீங்கள் சொல்வது சரி, இதைக் குறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்" என்று பதில் வந்தது. ஒரே வரியில் விட்டுக்கொடுத்துவிட்டது. தீபாவளி அந்த வருடம் அக்டோபர் 20. அதற்குப் பத்து நாள் முன்பு ஒரு கடையில் கூட்டம் தாங்காமல் இரண்டாவது கவுண்டர் போட்டார்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. இரண்டு ஜோடி பில்கள் ஒரே எண்ணில் வந்தன. டேட்டாபேஸிலேயே எண் திரும்ப வராதபடி கட்டுப்பாடு வைத்து, எண் எடுக்கும்போது இன்னொருவர் எடுக்காதபடி அந்தப் பதிவைப் பூட்டி, இரவோடு இரவாகச் சரிசெய்தேன்.

ரிவ்யூ செய்தது சரியாகத்தான் சொன்னது. நான் மறுத்ததும் அது இன்னும் ஒரு முறை எதிர்த்துக் கேட்டிருக்க வேண்டும். அந்த அக்கா கேட்டிருப்பார்: "இப்ப ஒண்ணு, நாளைக்கு?" இன்றைய ஏஜெண்டுகளிடம் எனக்கு இருக்கும் மிகப்பெரிய குறை இதுதான். நாம் உறுதியாகப் பேசினால் பணிந்துவிடுகின்றன. அதனால் இப்போது ஒரு குறையை நான் ஒதுக்க நினைத்தால், என் காரணத்தை எழுதி "இது தப்பு என்று நிரூபிக்க முயற்சி செய், எந்தச் சூழ்நிலையில் இந்தக் காரணம் பொய்யாகும் என்று சொல்" என்று கேட்கிறேன். அதையும் இன்னொரு புதிய செஷனில்தான்.

தமிழ் எழுத்து விஷயத்தில் கிடைத்த அனுபவம் தமிழில் மென்பொருள் செய்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பில்லில் பொருள் பெயரோ கடையின் பெயரோ 20 எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுவேன். பைத்தான் கணக்கில் "தமிழ்" என்பதன் நீளம் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு மூன்று எழுத்து. வெட்டு தப்பான இடத்தில் விழுந்தால் ஒற்றின் புள்ளி மட்டும் அடுத்த பக்கம் போய், "முருகன்" என்பது "முருகன" என்று நிற்கும். ரிவ்யூ ஏஜெண்ட் இதைத் தானாகவே கண்டுபிடித்தது. ஆனால் அது சொன்ன முதல் திருத்தம் 20ஐ 24 ஆக்குவது. வெட்டு இடம் மாறுமே தவிரப் பிரச்சினை போகாது. திரும்பக் கேட்டதும் முழு எழுத்தாக எண்ணும் லைப்ரரி (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்) ஒன்றைப் போட்டது. டெஸ்ட் பச்சை. நானும் சரி என்று விட்டேன்.

கடையில் தெர்மல் காகிதத்தில் அடித்துப் பார்த்தபோது ஒரு கடையின் பெயரில் இருந்த "லக்ஷ்மி" உடைந்தது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோட் விதிப்படி தமிழில் க் தனி, ஷ் தனி. நமக்கு க்ஷ் என்பது ஒரே எழுத்து. வெட்டு சரியாக அதன் நடுவே விழுந்திருந்தது. கடைக்காரர் தன் அம்மா பெயர் அது என்றார். கடைசியில் வெட்டுவதையே எடுத்துவிட்டேன். பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துகளை எப்படியும் படமாகத்தான் அனுப்புகிறேன். அந்தப் படத்தின் அகலத்தை அளந்து, இடம் போதாவிட்டால் சொல்லோடு சேர்த்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறேன். இந்த முடிவை எந்த ஏஜெண்டும் எடுக்கவில்லை. காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு நான் எடுத்தது.

செலவைப் பற்றி. பல கருவிகளில் மாதம் 20 டாலர் அளவில் ஒரு திட்டம் இருக்கிறது. வரியோடு சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆகும். என் மாதிரி ஒற்றை ஆளுக்கு அது போதும். வேலை அதிகமாகும் நாளில் அளவு தீர்ந்துவிட்டது, சில மணி நேரம் காத்திரு என்று வரும். 400 வரிக்கு மேற்பட்ட மாற்றத்தை ஒரே தடவையில் கொடுக்காமல் பிரித்துக் கொடுத்தால் அளவும் மிச்சம், ரிவ்யூவும் கூர்மை. பெரிய மாற்றத்தைக் கொடுத்தபோதெல்லாம் எனக்கு மேலோட்டமான பாராட்டுதான் கிடைத்தது.

கடைகளின் உண்மையான டேட்டாபேஸை ஏஜெண்ட் ஓடும் கணினியிலேயே நான் வைப்பதில்லை. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், கடைகளின் கொள்முதல் விலை எதுவும் அதன் கண்ணில் படக்கூடாது. பாஸ்வேர்டு இருக்கும் ஃபைல்களைப் படிக்கத் தடை போட்டிருக்கிறேன். பொய்த் தகவல் நிரப்பிய ஒரு சோதனை டேட்டாபேஸ் போதும். கடைக்காரர்கள் என்னை நம்பித் தந்த கணக்கு அது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதெல்லாம் வீண்வேலை, ஏஐ கண்டுபிடிக்கும் குறைகள் குப்பை என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டுவது இணையத்தில் தகவல் அனுப்பி வாங்கப் பயன்படும் கர்ல் மென்பொருளை. அதை 1998இலிருந்து பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பர்க், ஏஐயால் எழுதி அனுப்பிய போலிப் பாதுகாப்புப் புகார்களால் சலித்து, குறை கண்டுபிடித்தால் பணம் தரும் திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்தினார். உண்மை. ஆனால் அதே மனிதர் 2025 செப்டம்பரில், ஒரு ஆய்வாளர் ஏஐ கருவிகளால் கண்டுபிடித்து அனுப்பிய நீண்ட பட்டியலைப் பாராட்டி, அதிலிருந்து பல டஜன் திருத்தங்களைச் செய்தார். அந்தப் போலிப் புகார்களை அனுப்பியவர்கள் தாங்களே சரிபார்க்காமல் தள்ளிவிட்டார்கள். பட்டியலை அனுப்பியவர் என்ன அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பினார். சிவப்பு டெஸ்டைப் பார்க்காமல் எதையும் திருத்த மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதற்காகத்தான்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? தனியாக நிரல் எழுதுபவர்களுக்கு, இரண்டு மூன்று பேர் கொண்ட சின்னக் கம்பெனிகளுக்கு, தயங்காமல். நிரலைப் படிக்கத் தெரியாமல், ஏஜெண்ட் எழுதி ஏஜெண்டே ரிவ்யூ செய்து ஏஜெண்டே திருத்தட்டும் என்று நினைப்பவர்களுக்கு வேண்டாம். குறை எது, பிரமை எது என்று பிரிக்க ஒரு ஆள் வேண்டும். பக்கத்து சீட்டில் நல்ல சீனியர் இருக்கிறவர்கள் முதலில் ஏஜெண்டிடம் காட்டிச் சில்லறைத் தப்புகளை எடுத்துவிட்டு அப்புறம் அவரிடம் போங்கள். அவருடைய நேரம் பெரிய கேள்விகளுக்கு மிஞ்சும்.

அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். விதிகள் எழுதும் ஃபைல் ஆகஸ்டில் நாலு வரியாக இருந்தது, இப்போது 23 வரி. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. கடைசி வரி போன வாரம் சேர்த்தது. விகிதப் பட்டியலில் 12 சதவீதம் இன்னும் கிடக்கிறது, செல்லாத விகிதம், நீக்கலாம் என்று ரிவ்யூவில் வந்தது. நீக்கியிருந்தால் பழைய பில்லை மறுபடி அடிக்கவோ, அதற்குக் கிரெடிட் நோட் போடவோ முடியாது. அதனால் எழுதினேன்: "12 சதவீதத்தை நீக்காதே. 2025 செப்டம்பர் 22க்கு முந்தைய பில்களுக்கு அது வேண்டும்."